வெரோனிக்கா துடைத்த முகம்

பெரிய வெள்ளிக்கிழமை அன்று கோயில் வளவில் நிற்கிற நானூறு சனமும் ஒன்றாகச் சிரிப்பதென்பது லேசில் நடக்கிற காரியமில்லை. போன வருடம் கனடாவில், ஸ்காபரோவில் அது நடந்தது. சிரிக்க வைத்தவள் அன்ரனெற். பாவம், அவள் வேண்டுமென்று செய்யவில்லை.

அந்தக் கோயிலின் தமிழ்ச் சனம் வருடாவருடம் போடுகிற திருப்பாடுகள் நாடகத்தில் பதினொரு வருடமாக அவள்தான் வெரோனிக்கா. யேசு சிலுவையைச் சுமந்துகொண்டு போகும்போது, சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்களில் ஆறாம் ஸ்தலத்தில், சேவகர்களைத் தள்ளி விலக்கிக்கொண்டு ஒரு பெண் வருவாள். தன் துணியால் அவர் முகத்தைத் துடைப்பாள். துணியில் அவர் முகம் அப்படியே பதிந்துவிடும். அதை அவள் தூக்கிக் காட்ட, சனம் கை கூப்பும். அவ்வளவுதான் வேடம், ஒரு வசனம்கூடக் கிடையாது.

துணியில் ஒரு தந்திரம் உண்டு. அது இரண்டாக மடித்திருக்கும். உள்மடிப்பில் யேசுவின் முகம் முன்கூட்டியே அச்சடித்திருக்கும். வெளிப்பக்கத்தால் துடைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்து ஓர் உதறு உதறினால் முகம் விரிந்துவிடும். நாடகமென்றால் இப்படியான சின்னக் களவுகள் இருக்கத்தான் செய்யும். ஆண்டவர் மன்னிப்பார். அந்த முகம் ஏதோ ஒரு கலண்டரில் இருந்து எடுத்தது. பிறந்தநாள் பனர் அடிக்கிற கடையில் அடித்தது. நீலக் கண், பொன்னிறத் தாடி, வெயிலையே காணாத கன்னம்.

பத்து வருடம் ஒரு குறையும் வரவில்லை. அந்தப் பத்து வருடமும் யேசுவாக வந்தவன் நாடகக் குழுத் தலைவர் அலெக்ஸாண்டரின் மருமகன். வெள்ளையாக, மெலிந்து, அந்தக் கலண்டரில் இருந்தே இறங்கி வந்தவன் போல இருப்பான். அவன் வேலை மாறிக் கல்கரிக்குப் போய்விட, அந்த இடத்துக்கு றொய்சன் வந்தான். மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரன். டெக்ஸாஸ் வரை ட்ரக் ஓட்டுகிறவன். தோசைக்கல் கறுப்பு என்று தன்னைத் தானே சொல்லிச் சிரிப்பான். ஆனால் அவன் சிலுவையோடு விழுந்தால் பார்க்கிறவர்களின் முழங்கால் நோகும். அப்படி விழுவான்.

போன வருடம் அன்ரனெற் அவன் முகத்தைத் துடைத்தாள். அலெக்ஸாண்டர் வழக்கம்போல ஒலிவாங்கியின் முன் நின்று, "அவருடைய திருமுகம் அந்தத் துணியிலே பதிந்தது" என்று உருக்கமாக வாசித்தார். அன்ரனெற் துணியை உதறித் தூக்கிப் பிடித்தாள். முன்வரிசையில் இருந்த றொய்சனின் ஆறு வயது மகள் கதிரையில் ஏறி நின்று கத்தினாள்.

"நோ! தாட்ஸ் நொட் மை அப்பா! அது வேற ஆள்!"

முதலில் இளசுகள் சிரித்தார்கள். பிறகு தாய் தகப்பன்மார். கடைசியில் ஈட்டி பிடித்து நின்ற உரோமைச் சேவகர்களே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சிரிக்காமல் இருந்தவன் றொய்சன் ஒருவன்தான். சிலுவைக்குக் கீழே குனிந்தபடி அந்தத் துணியை அண்ணாந்து பார்த்தான். அந்தப் பார்வையை இரண்டடி தூரத்தில் நின்று கண்டவள் அன்ரனெற். ஒரு வருடமாகியும் அவளுக்கு அது மறக்கவில்லை. துணியைப் பிடித்திருந்தது தன் கை என்ற வெட்கமும் போகவில்லை.

அன்ரனெற்றுக்கு முகம் துடைப்பது பிழைப்பு. முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறரைக்குப் போனால் பன்னிரண்டு பேரை எழுப்பிக் கழுவிக் கதிரையில் இருத்தவேண்டும். தண்ணீரின் சூட்டை மணிக்கட்டின் உட்பக்கத்தில் பார்ப்பாள். முதலில் கண், மூக்கோரத்தில் இருந்து வெளிப்பக்கமாக. பிறகு நெற்றி, கன்னம், கடைசியாக வாய். இருபது வருடமாக இதுதான். அந்த முகங்களை அவள் எவ்வளவு கவனமாகத் துடைத்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முகத்தைத் துடைத்ததற்கு நானூறு பேர் அவளைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளில் அவளுக்குக் கொள்ளை ஆசை. அதை அவள் மறைத்ததும் இல்லை.

அவளுடைய பன்னிரண்டு பேரில் ஒருவர் மிஸ்டர் ஹாலண்ட். பக்கவாதத்தில் பேச்சுப் போய் மூன்று வருடம். அவர் அறைச் சுவரில் ஒரு படம் கொழுவியிருந்தது. வெள்ளை முக்காடு போட்ட பெண் ஒருத்தி ஒரு துணியை விரித்துப் பிடித்திருக்கிறாள். துணியில் முள்முடியோடு யேசுவின் முகம். பெண் வெளுப்பு. துணியில் இருக்கிற முகமோ கறுப்பு. மண்ணிறம்கூட இல்லை, நல்ல கறுப்பு.

மார்கழியில் ஒருநாள் அவரைப் பார்க்க வந்த மகளிடம் அன்ரனெற் படத்தைக் காட்டி விசாரித்தாள். அது அறுநூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் வரைந்த வெரோனிக்கா என்றாள் மகள். தகப்பன் சர்வகலாசாலையில் அந்தக் காலத்துக் கோயில் நாடகங்களைப் படிப்பித்தவராம். இங்கிலாந்தில் ஒரு நகரத்தில் வண்டிகளில் மேடை கட்டி, தெருத்தெருவாக யேசுவின் கதையை நடிப்பார்களாம். நடித்தது தொழிலாளிகள். சிலுவையில் அறைகிற காட்சியை ஆணி செய்கிறவர்களிடம் கொடுத்திருந்தார்களாம். அன்ரனெற்றுக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

"நாடகத்தைப் பார்த்துத்தான் ஓவியர்கள் படம் வரைந்தார்கள் என்பது அப்பாவின் கட்சி. படத்தைப் பார்த்துத்தான் நாடகக்காரர் நடித்தார்கள் என்று இன்னொரு பேராசிரியர். நாற்பது வருடம் இரண்டு பேரும் இதற்காகச் சண்டை பிடித்தார்கள்" என்றாள் மகள்.

"ஆர் வென்றது?" என்று அன்ரனெற் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இரண்டு பேரும் பென்ஷன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்."

அன்ரனெற் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டாள். வெரோனிக்கா வேதாகமத்தில் இல்லை என்பது அவளுக்கு முன்பே தெரியும். படம் கீறினவர்களும் நாடகம் போட்டவர்களும் சேர்ந்து பெற்ற பிள்ளை அவள். ஆண்டவரை நேரில் கண்ட எவரும் அவர் முகத்தைக் கீறி வைக்கவும் இல்லை. பிறகு கீறியவர்கள் தங்கள் தெருவில் போகிற ஒருவனைப் பார்த்துத்தானே கீறியிருப்பார்கள்? அப்படியானால் ஸ்காபரோத் தெருவில் போகிறவனுக்கு மட்டும் என்ன குறை?

மாசியில் கோயில் நிலவறையில் நாடகக் குழுக் கூட்டம். றோல்ஸும் தேத்தண்ணியும் முடிந்த கையோடு அன்ரனெற் எழும்பினாள்.

"அலெக்ஸ் அண்ணை, இந்த முறை துணியை மாத்துவம். றொய்சன்ர முகத்தைப் படமெடுத்து அதில அடிப்பம்."

அலெக்ஸாண்டர் கண்ணாடியைக் கழற்றினார். எழுபது வயது. கெட்ட மனிதரில்லை. பனியானாலும் மழையானாலும் ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து கதவு திறப்பவர். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்று கால்தான்.

"றொய்சன்ர முகத்தையோ? சனம் கை கூப்பிறது ஆண்டவருக்குப் பிள்ளை, ட்ரக் ஓட்டுறவனுக்கில்லை."

"ஆண்டவர் தச்சன்தானே அண்ணை."

இரண்டொருவர் சிரித்தார்கள். அலெக்ஸாண்டருக்கு முகம் சிவந்தது.

"இஞ்சை பாரும். எங்கட அப்பு காலத்தில ஆக்கள் நடிக்கிறேல்லை. மரச் சுரூபத்தைத்தான் சிலுவையோட நடத்திக் காட்டினவை. பேந்துதான் சுரூபத்தின்ர இடத்துக்கு ஆள் வந்தது. அப்ப சுரூபம் எப்பிடியோ, ஆளும் அப்பிடித்தான் இருக்கவேணும்."

"அந்தச் சுரூபத்தைச் செய்தவன் ஆரைப் பார்த்துச் செய்தவன்?"

அன்ரனெற் கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினாள். அது கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. "உது மெழுகுதிரிப் புகை பிடிச்சுக் கறுத்துப் போச்சு" என்றார் ஒருவர். மற்றவர்கள் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். அதன் பிறகு அலெக்ஸாண்டர் முடிவைச் சொன்னார். துணியில் பிழையில்லை, முகம்தான் துணியோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே முகத்தைச் சரிசெய்ய வேண்டியது. மில்லிக்கன் பிளாசாவில் கலியாண மேக்கப் செய்கிற தனுஷிகாவைக் கூப்பிட்டு றொய்சனை வெள்ளையாக்கிவிட்டால் அலுவல் முடிந்தது.

செருப்புக்காகக் காலைத் தறிக்கிற கூட்டம் என்று அன்ரனெற் வாய்க்குள் சொல்லிக்கொண்டு தன் கதிரையை உள்ளே தள்ளினாள்.

குருத்து ஞாயிறு பின்னேரம் ஒத்திகை. தனுஷிகா பெரிய பெட்டியோடு வந்தாள். "கலியாணப் பொம்பிளையளையே நான் நாலு ஷேட் ஏத்திறனான். உது என்ன பெரிய வேலை?" என்று தொடங்கி முக்கால் மணித்தியாலம் பூசினாள். நெற்றியும் கன்னமும் கழுத்தும் பாலாடை நிறம் ஆகின. சிலுவையைப் பிடித்த கைகள் மட்டும் றொய்சனுடைய கைகளாகவே இருந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஆனால் அலெக்ஸாண்டர் துணியைப் பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்த்துவிட்டு, "ஆ, இப்ப சரி" என்றார்.

றொய்சன் மகளைக் கூப்பிட்டான். அவள் வரவில்லை. தாயின் ஜாக்கெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள். அன்ரனெற்றுக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் றொய்சன் அந்த முகத்தோடேயே நின்று சிகரெட் பற்றவைத்தான்.

"போன வருஷம் அந்தத் துணி நானில்லை எண்டு மகள் சொன்னவள். இந்த வருஷம் நானே நானில்லையாம், அக்கா."

"விட்டிட்டுப் போகப்போறியோ?"

"வேற என்ன செய்ய? இந்த மாவோட நான் சிலுவை தூக்கமாட்டன். பெரிய வெள்ளிக்கு ஒரு லோட் கேட்டிருக்கினம், ஒகையோவுக்கு. போறன்."

"போகாத. வெள்ளிக்கிழமை பூசிக்கொண்டு வா. பேசாமல் பூச விடு. ஆறாம் ஸ்தலத்தில முகத்தை என்னட்டைத் தா."

றொய்சன் அவளைப் பார்த்தான். சிகரெட்டைக் காலால் மிதித்து அணைத்தான். "ஓம்" என்றான்.

அன்ரனெற் உள்ளே வந்து பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த தனுஷிகாவிடம் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். "பிள்ளை, உது தண்ணிக்குப் போகாதோ?"

"அசையாது அன்ரி! பொம்பிளை எவ்வளவு அழுதாலும் அசையாது. ஒயில் போட்டால்தான் கழரும்."

அலெக்ஸாண்டருக்கு ஏதோ சந்தேகம் மணந்திருக்க வேண்டும். கதவைப் பூட்ட வந்தவர் அவளை மறித்தார்.

"அன்ரனெற், உம்மட முகத்தைப் பார்க்க எனக்கு விளங்குது. துணியில கை வைச்சீரெண்டால் அடுத்த வருஷம் நீர் வெரோனிக்கா இல்லை. இப்பவே சொல்லிப்போட்டன்."

"நீங்கள் தாற துணியில நான் கை வைக்கமாட்டன் அண்ணை" என்றாள் அவள். சொன்ன சொல்லை அவள் காப்பாற்றத்தான் செய்தாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மட்டும் கொஞ்சம் அழுதாள். பதினொரு வருடம். அந்த வேடத்தை வேறொருத்தி போடுவதைத் தான் கூட்டத்தில் நின்று பார்க்கவேண்டி வரும் என்று நினைத்தாள். அழுது முடிந்ததும் மூக்கைச் சீறிக்கொண்டு, போனால் போகட்டும் என்றாள். பக்கத்துச் சீட்டுச் சீனக் கிழவி திரும்பிப் பார்த்தாள்.

பெரிய வெள்ளி. சித்திரை பிறக்க இருந்தும் குளிர் விடவில்லை. கோயில் கார்த் தரிப்பிடத்தின் மூலையில் தள்ளிவிட்ட பனி அழுக்குக் குவியலாகக் கிடந்தது. யூதேயச் சனம் எல்லாம் அங்கிக்குக் கீழே தேர்மல் உள்ளுடுப்புப் போட்டிருந்தது. அன்ரனெற்றின் அங்கிக்குள் இடுப்போடு இன்னொன்றும் இருந்தது. பழைய வெள்ளைப் பருத்தி விரிப்பில் கிழித்த இரண்டடித் துணி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குழந்தை எண்ணெய் ஊற்றி, ஸிப் போட்ட பிளாஸ்ரிக் பையில் அடைத்து, கம்பளித் தொப்பிக்குள் சுற்றிக் கட்டியிருந்தாள். இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள்மார் வந்து தாய்மாருக்கு அப்பிவிட்டுப் போகிற பூச்சையெல்லாம் அவள் இப்படித்தான் எடுப்பாள்.

தொடங்க முன் அலெக்ஸாண்டர் அச்சடித்த துணியை மடிப்புக் குலையாமல் அவள் கையில் தந்தார். அவள் அதைப் பவ்வியமாக வாங்கி அங்கியின் கைக்குள் செருகிக்கொண்டாள்.

றொய்சன் வந்தான். பாலாடை முகமும் கறுத்த கைகளுமாகச் சிலுவையை இழுத்துக்கொண்டு வந்தான். முதல் முறை விழுந்தான். சனம் "ச்" கொட்டியது. சீரேனே ஊர்ச் சீமோன் வந்து தோள் கொடுத்தார். அன்ரனெற் ஈட்டிகளை விலக்கிக்கொண்டு நடுவுக்கு வந்தாள்.

அவள் இடுப்பில் கை விட்டு அந்தத் துணியை எடுத்தாள். குளிரில் அதிலிருந்து ஆவி பறந்தது. மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தாள், பழக்கதோஷம். றொய்சன் முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினான். அவள் துணியை அவன் முகம் முழுவதும் மூடிப் போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தாள். நெற்றி, கண்குழி, மூக்கு, வாய். ஒன்று, இரண்டு என்று மெல்ல எண்ணினாள்.

"அன்ரி, போதும்" என்றான் பக்கத்தில் ஈட்டியோடு நின்ற கிளிபோட், உதடு அசையாமல்.

"பொறு" என்றாள் அவள்.

இருபது எண்ணித் துணியை ஒரே இழுப்பில் நேராகத் தூக்கினாள். அதைத் தோளில் போட்டுவிட்டு, முக்காட்டுத் தலைப்பால் மிச்சத்தைத் துடைத்தாள். கண்ணை மூக்கோரத்தில் இருந்து வெளிப்பக்கமாக. நெற்றியை, கன்னத்தை, கடைசியாக வாயை. இல்லத்தில் துடைப்பதுபோல ஆறுதலாகத்தான் துடைத்தாள். பாலாடைக்கு அடியில் இருந்து றொய்சன் வந்தான். எண்ணெயும் ஈரமும் பட்டு, அவனுடைய கறுத்த முகம் மதிய வெளிச்சத்தில் பளபளவென்று மின்னியது.

பிறகு அவள் சனத்தின் பக்கம் திரும்பித் துணியை விரித்துத் தூக்கிப் பிடித்தாள்.

துணியில் ஒரு முகம் இருந்தது. கடையில் அடித்தது இல்லை. நெற்றியும் மூக்குத்தண்டும் கன்னமேடும் மஞ்சள் வெள்ளையாக ஒட்டியிருந்தன. கண் இருந்த இடங்கள் வெறுமை. முள்முடியின் சிவப்புச் சாயம் மேலிருந்து வழிந்திருந்தது. குழுவினர் கூட்டம் வைத்துத் தேடிக் கண்டுபிடித்த அந்த வெள்ளை முகம் முழுதாகக் கழன்று துணிக்கு வந்துவிட்டது. துணிக்குப் பக்கத்தில், சிலுவைக்குக் கீழே, முகத்துக்கு உரியவன் இருந்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒலிவாங்கியில் அலெக்ஸாண்டரின் குரல் "அப்பொழுது வெரோனிக்கா என்னும் பெண்" என்று வந்து, "இரக்கத்தால் உந்தப்பட்டு" என்று வந்து, அங்கே நின்றது. அடுத்த வரி எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். ஏழாம் ஸ்தலத்துக்கு நடவுங்கள் என்று சேவகர்களுக்குக் கை காட்டினார். கிளிபோட் ஓர் அடி எடுத்து வைத்தான். றொய்சன் எழும்பவில்லை. அன்ரனெற் அசையவில்லை.

அவள் அலெக்ஸாண்டரை நேராகப் பார்த்தாள். சொல்லுங்கோ அண்ணை, என்று வாய் திறக்காமல் கேட்டாள். காற்று துணியைப் பிடித்து இழுத்தது. ஈரத்துணி விறைக்கத் தொடங்கியது, விரல்களும் விறைத்தன. விறைக்கட்டும். தினம் பன்னிரண்டு பேரைக் கட்டிலில் திருப்பிப் படுக்கவைக்கிற கைக்கு ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரிய வேலையா? பின்னேரம் வரையும் நிற்பாள். உயிர்த்த ஞாயிறு வரையும் நிற்பாள்.

முன்வரிசையில் றொய்சனின் மகள் கதிரையில் ஏறினாள். தாய் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தப் போனாள். பிள்ளை கத்தவில்லை. துணியைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். பிறகு கம்பளிக் கையுறை போட்ட கையைத் தூக்கி அவனுக்கு ஆட்டிக் காட்டினாள். கல்வாரிக்குப் போகிற வழியில் யேசு பதிலுக்கு இரண்டு விரலை ஆட்டினார். எழுதிய நாடகத்தில் அது இல்லை.

சனத்துக்குள் யாரோ ஒரு மனிசி முதலில் கை கூப்பினாள். பிறகு அவள் பக்கத்தில் நின்றவர். கையுறைகளைக் கழற்றிக்கொண்டு, கோப்பிக் கப்புகளை நிலத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பினார்கள். அலெக்ஸாண்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"அவருடைய திருமுகம்" என்றார். மறுபடியும் தொடங்கினார். "அவருடைய திருமுகம் அந்தத் துணியிலே பதிந்தது."

அதற்குப் பிறகுதான் அன்ரனெற் கையை இறக்கினாள்.